செய்நிரலுக்கும் உரை வேண்டும்

முன்னுரை

நம் பிள்ளைகளிற் பலர் இன்று பாடசாலைப் பருவத்திலேயே கணினிக்குச் செய்நிரல் எழுதக் கற்கின்றனர். பெற்றோர் பலருக்கோ அது எட்டாத வித்தையாகவே தோன்றுகின்றது. திரை முழுவதும் குறியீடுகளும் அடைப்புகளும் எண்களும் நிறைந்திருப்பதைக் கண்டு, "இதில் நாம் சொல்ல என்ன இருக்கின்றது" என்று விலகிக்கொள்கின்றோம். ஆயினும் அச்செய்நிரலினுள் எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் வாசிக்கத்தக்க ஒரு பகுதி உண்டு. கணினி அதனைக் கவனிப்பதில்லை. மனிதர் வாசிப்பதற்காகவே அது எழுதப்படுகின்றது. அதற்குக் குறிப்புரை என்று பெயர். பாடசாலையில் பிள்ளைகள் அதனைக் 'கொமென்ற்' என்று சொல்லக் கேட்டிருப்போம்.

குறிப்புரை என்பது யாது, அது ஏன் வேண்டும், நல்ல குறிப்புரையின் இயல்பு யாது, எம்மொழியில் அதனை எழுதுதல் தகும் என்பவற்றை இக்கட்டுரையில் நாம் ஆராய்வோம். மூலத்தோடு உரையையும் சேர்த்துக் கற்கும் மரபில் வந்த தமிழருக்கு இப்பொருள் அந்நியமானதன்று என்பதையும் காண்போம்.

குறிப்புரை என்பது யாது?

கணினிக்கு நாம் இடும் கட்டளைகளின் வரிசையே செய்நிரல். மனிதர் எழுதும் வடிவில் உள்ள நிரலை மூல நிரல் என்பர். தொகுப்பான் முதலிய மென்பொருள்கள் அதனைக் கணினி செயற்படுத்தத்தக்க வடிவிற்கு மாற்றுகின்றன. அவ்வாறு மாற்றும்போது, "இது குறிப்புரை" என்று அடையாளம் இடப்பட்ட வரிகளை அவை தள்ளிவிட்டு மேலே செல்கின்றன. ஆகவே, குறிப்புரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்நிரலின் விடை மாறாது.

அடையாளம் மொழிக்கு மொழி வேறுபடும். பைதன் மொழியில் # என்னும் குறிக்குப் பின் அவ்வரியில் வருவன யாவும் குறிப்புரையாகும். ஜாவா மொழியில் // என்னும் இரு சாய்கோடுகளுக்குப் பின் வருவனவும், /* என்பதற்கும் */ என்பதற்கும் இடையில் வருவனவும் குறிப்புரையாகும்.

தமிழ்ச் சொற்களைக் கொண்டே செய்நிரல் எழுதும் வகையில் முத்து அண்ணாமலை என்பவர் உருவாக்கிய 'எழில்' என்னும் கணினிமொழியிலும் # என்னும் குறியே பயன்படுகின்றது. அம்மொழியில் அமைந்த ஒரு சிறு நிரலை இங்கே காண்க:

# தேர்வு எழுதிய ஒரு மாணவரின் முடிவைக் கூறும் நிரல்
புள்ளி = 47
எல்லை = 40
@( புள்ளி >= எல்லை ) ஆனால்
    பதிப்பி "சித்தி"
இல்லை
    பதிப்பி "மீண்டும் முயல்க"
முடி

இதன் முதல் வரியே குறிப்புரை. 'பதிப்பி' என்பது திரையில் எழுதுக என்னும் கட்டளை. 'ஆனால்', 'இல்லை', 'முடி' என்பன நிபந்தனையைக் குறிக்கும் சொற்கள். முதல் வரியை நீக்கினாலும் கணினி 'சித்தி' என்றே விடை தரும். ஆயினும் ஓராண்டு கழிந்தபின் இந்நிரலைத் திறந்து பார்ப்பவருக்கு, இஃது எதன்பொருட்டு எழுதப்பட்டது என்பதை அந்த ஒரு வரியே அறிவிக்கும்.

தோற்றம்

குறிப்புரை பிற்காலத்தவர் கண்ட அலங்காரமன்று. ஜோன் பாக்கஸ் என்பவரின் தலைமையில் ஐ.பி.எம். நிறுவனத்தார் உருவாக்கி 1957 இல் வெளியிட்ட போர்ட்ரான் மொழியிலேயே அதற்கு இடமிருந்தது. அக்காலத்தில் நிரலின் ஒவ்வொரு வரியும் 80 நிரல்களைக் கொண்ட ஒரு துளை அட்டையில் பதியப்பட்டது. அட்டையின் முதல் இடத்தில் 'சி' என்னும் ஆங்கில எழுத்து இருக்குமாயின், அவ்வட்டையைக் கணினி கட்டளையாகக் கொள்ளாது. அதில் எழுதப்பட்டது மனிதருக்கான குறிப்பு. அட்டைகளைக் கட்டுக்கட்டாகச் சுமந்து சென்ற அக்காலத்திலும், கணினிக்குப் பயனற்ற அட்டைகளைச் சேர்த்துச் சுமக்க அறிஞர் உடன்பட்டனர் என்பது சிந்திக்கத்தக்கது.

காரணம் எளிது. செய்நிரல் ஒருமுறை எழுதப்படுகின்றது, பன்முறை வாசிக்கப்படுகின்றது. பிழை திருத்துவோர், புதியன சேர்ப்போர், வேறு கணினிக்கு மாற்றுவோர் ஆகிய யாவரும் முதலில் அதனை வாசித்தே ஆக வேண்டும். இக்கருத்தை எல்லைவரை கொண்டு சென்றவர் டொனால்ட் குனூத் என்னும் கணினி அறிஞர். செய்நிரலை மனிதருக்கு விளக்கும் ஓர் இலக்கியமாகக் கருதி எழுத வேண்டும் என்று 1984 இல் அவர் வலியுறுத்தினார். நூல்களை அச்சுக்கோக்க உதவும் தம் 'டெக்' மென்பொருளை அம்முறையிலேயே எழுதி, அதன் நிரலை நூலாகவும் வெளியிட்டார்.

நம் உரைமரபு காட்டும் வழி

தமிழில் மூலமும் உரையும் பிரியாத் துணை. தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர், சேனாவரையர், பேராசிரியர், நச்சினார்க்கினியர் முதலியோர் உரை கண்டனர். திருக்குறளுக்குப் பழைய உரையாசிரியர் பதின்மர் என்பது வழக்கு. அவருள் பரிமேலழகர் உரை இன்றும் கற்கப்படுகின்றது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை அச்சேற்றியபோதும் உரையோடு சேர்த்தே வெளியிட்டார். உரை இல்லையேல் அந்நூலின் சூத்திரங்களுட் பல நமக்கு இன்று பூட்டிய பெட்டகங்களாகவே இருந்திருக்கும்.

சூத்திரத்திற்கும் செய்நிரலுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டும் சுருங்கிய வடிவின. ஒரு சொல் கூடினும் குறையினும் பொருள் மாறும். எனவேதான் இரண்டிற்கும் உரை தேவைப்படுகின்றது. உரை எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதையும் நம் முன்னோர் வகுத்துள்ளனர். நன்னூலார் உரையைக் காண்டிகை, விருத்தி என இருவகைப்படுத்தினார். கருத்து, சொற்பொருள், எடுத்துக்காட்டு என்பவற்றைத் தந்து, வேண்டுமிடத்து வினாவும் விடையும் சேர்த்துச் சூத்திரத்தின் பொருளை விளக்குவது காண்டிகை. சூத்திரத்தினுள் இல்லாதனவாயினும் அவ்விடத்திற்கு இன்றியமையாதனவற்றையும் சேர்த்து விரித்துரைப்பது விருத்தி. செய்நிரலின் இடையே வரும் ஒருவரிக் குறிப்பைக் காண்டிகைக்கும், நிரலின் தலைப்பில் அதன் நோக்கம், உள்ளீடு, வெளியீடு, எல்லைகள் ஆகியவற்றை விரித்துக் கூறும் குறிப்பை விருத்திக்கும் ஒப்பிடலாம்.

ஒரு வேற்றுமையையும் இங்கே மனத்திற் கொள்ள வேண்டும். தொல்காப்பியருக்குப் பன்னூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த வேறொருவர் உரை எழுதினார். மூலவாசிரியர் எதனைக் கருதினார் என்பதில் உரையாசிரியர்கள் தம்முள் மாறுபட்டனர். ஒருவர் கருத்தை மற்றவர் மறுத்தனர். மூலவாசிரியரை எழுப்பிக் கேட்க வழியில்லை. செய்நிரல் எழுதுபவருக்கோ அந்நிலை இல்லை. அவரே மூலவாசிரியர்; அவரே உரையாசிரியராகவும் இருக்கலாம். தாம் கருதியதைத் தாமே எழுதிவைக்கும் அவ்வாய்ப்பைப் பயன்படுத்தாது விடுவாராயின், பின்வருவோர் ஊகித்தே பொருள்கொள்ள நேரும்.

'என்ன' என்பதை விட்டு 'ஏன்' என்பதை எழுதுக

குறிப்புரை எழுதத் தொடங்கும் மாணவர் பெரும்பாலும் செய்யும் தவறு, கட்டளையையே மீண்டும் சொற்களால் எழுதுவதாகும்.

# எல்லையை 40 என வைக்கின்றோம்
எல்லை = 40

இக்குறிப்பினால் ஒரு பயனும் இல்லை. எல்லை 40 என்பதைக் கட்டளையே சொல்லிவிட்டது. வாசிப்பவரின் மனத்தில் எழும் வினா வேறு: ஏன் 40? ஏன் 50 அன்று? இப்பொழுது மற்றொரு வகையை நோக்குவோம். ஒரு பாடசாலையின் தேர்வை இங்கே கற்பனை செய்துகொள்வோம்.

# வழமையான எல்லை 45. இவ்வாண்டு வினாத்தாளில் ஒரு
# வினா நீக்கப்பட்டமையால் 40 ஆகக் குறைக்கப்பட்டது.
# அடுத்த ஆண்டு மீண்டும் 45 ஆக மாற்றுக.
எல்லை = 40

இது குறிப்புரை. இதில் உள்ள செய்தியைக் கட்டளையிலிருந்து எவராலும் கண்டறிய இயலாது. எத்துணைத் திறமையுடையவரும் நிரலை நுணுகி ஆராய்ந்து 40 என்னும் எண்ணின் காரணத்தைப் பெற முடியாது. அக்காரணம் எழுதியவரின் நெஞ்சில் மட்டுமே உள்ளது. அவர் மறந்தால், அல்லது வேறிடம் சென்றால், அஃது உலகிலிருந்தே மறைந்துவிடும். 'என்ன' என்பதை நிரல் சொல்லும். 'ஏன்' என்பதை மனிதரே சொல்ல வேண்டும். இக்கட்டுரையிற் கூறப்படுவன யாவற்றையும் மறந்தாலும் இவ்வொன்றை மாணவர் மறவாதிருத்தல் வேண்டும்.

இவ்விதியின்படி குறிப்புரையில் இடம்பெறத்தக்கவை வருமாறு:

1. நோக்கம்: இந்நிரல் எதன்பொருட்டு எழுதப்பட்டது.

2. காரணம்: பல வழிகள் இருக்க, இவ்வழி ஏன் தெரிந்தெடுக்கப்பட்டது.

3. அளவை: எண் மீற்றரிலா, அடியிலா, வெப்பநிலை செல்சியசிலா, பரனைற்றிலா. 1999 செப்டெம்பரில் செவ்வாய்க் கோளை அடைந்த அமெரிக்க விண்கலம் ஒன்று அளவைக் குழப்பத்தால் அழிந்தது. ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பழைய இறாத்தல் அளவையில் வெளியிட, அதனைப் பெற்ற மென்பொருள் நியூட்டன் அளவை என்று கொண்டது. எண்ணோடு அளவையும் எழுதும் பழக்கத்தைச் சிறு வயதிலேயே பெறுதல் நன்று.

4. எடுகோள்: எது உண்மையாயிருக்கும் என்று நம்பி நிரல் எழுதப்பட்டது.

5. எச்சரிக்கை: எதனை மாற்றினால் எங்கே பழுது நேரும், எது இன்னும் நிறைவு பெறவில்லை.

இவ்வைந்தனுள் நான்காவது பலரும் எழுதாது விடுவது. அதனால் நேர்ந்ததற்குச் சான்றாக விண்வெளித்துறை வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி உண்டு.

ஏரியான் 5 தரும் பாடம்

கனடிய விண்வெளி முகவரகத்தின் தலைமையகம் நம் லொங்குய்ய் நகரின் சென்-ஊபேர் பகுதியிலேயே உள்ளது. 2001 ஆம் ஆண்டில் சர்வதேச விண்வெளி நிலையத்திற் பொருத்தப்பட்ட 'கனடாம்-2' என்னும் இயந்திரக் கையை இயக்கும் பணியில் அந்நிலையத்தார்க்கும் பங்குண்டு. ஆண்டுகள் பல உழைக்கும் இத்தகைய கருவிகளின் மென்பொருளை முதலில் எழுதியவரே கடைசிவரை பேணுவார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆதலின், முன்னவர் எழுதியதைப் பின்னவர் சரியாக விளங்கிக்கொள்வது விண்வெளித்துறையில் உயிர்நாடியான கருமமாகும். அது தவறினால் யாது நிகழும் என்பதை ஐரோப்பியரின் ஏரியான் 5 ஏவுகலம் காட்டியது.

1996 ஜூன் 4 ஆம் நாள், தென்னமெரிக்காவிலுள்ள பிரெஞ்சுக் கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியான் 5 முதன்முறையாகப் புறப்பட்டது. 40 வினாடிகள் அளவிலேயே அது பாதை விலகி, உடைந்து, வெடித்துச் சிதறியது. அதில் ஏற்றப்பட்டிருந்த 'கிளஸ்ரர்' அறிவியற் செய்மதிகள் நான்கும் அழிந்தன. ஜாக்-லூயி லியோன்ஸ் என்னும் பிரெஞ்சுக் கணிதவியலாளரின் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, அடுத்த மாதமே தன் அறிக்கையை வெளியிட்டது.

ஏவுகலம் எத்திசையில் எவ்வேகத்திற் செல்கின்றது என்பதை அறிவிக்கும் கருவியின் மென்பொருள், முன்னைய ஏரியான் 4 இலிருந்து எடுத்தாளப்பட்டது. அம்மென்பொருளின் ஒரு பகுதி, கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய ஓர் எண்ணை 64 இலக்க இரும வடிவிலிருந்து 16 இலக்க இரும வடிவிற்கு மாற்றியது. 16 இலக்க வடிவில் அடங்கக்கூடிய மிகப்பெரிய எண் 32,767. ஏரியான் 4 பறந்த பாதையில் அவ்வெல்லை மீறப்படவில்லை. ஏரியான் 5 அதனிலும் விரைவாகக் கிடைத்திசை வேகத்தைப் பெற்றது. எண் எல்லையைக் கடந்தது, மாற்றம் தவறியது, கருவி நின்றது. துணைக்கென வைக்கப்பட்ட இரண்டாவது கருவியிலும் அதே மென்பொருள் இருந்தமையால், அதுவும் அதே காரணத்தால் சற்று முன்னரே நின்றுவிட்டிருந்தது. அத்துடன், அவ்வெண்ணைக் கணித்த பகுதி ஏவுகலம் தரையை விட்டு எழுந்தபின் ஏரியான் 5 இற்குத் தேவையற்றது என்பதையும் குழு கண்டது.

நமக்கு வேண்டிய செய்தி இனி வருகின்றது. இவ்வாறு எல்லை மீறக்கூடிய ஏழு எண்களை மென்பொருளாக்கியோர் முன்னரே இனங்கண்டிருந்தனர். கணினியின் வேலைப்பளுவைக் குறைக்கும்பொருட்டு நான்கிற்கு மட்டும் காப்புச் செய்து, மூன்றைக் காப்பின்றி விட்டனர். அவற்றிற்கு இயற்கையாகவே வரம்பு உண்டு, அல்லது போதிய இடைவெளி உண்டு என்பது அவர்தம் எடுகோள். ஏரியான் 4 ஐப் பொறுத்தவரை அது பிழையன்று. ஆனால் அம்முடிவிற்கான காரணம் மூல நிரலினுள் எங்கும் குறிக்கப்பட்டிருக்கவில்லை என்று விசாரணைக் குழு எழுதியது. ஆவணங்கள் மலைபோற் குவிந்திருந்தமையால், அவ்வெடுகோள் வெளியிலிருந்து மீளாய்வு செய்வோரின் கண்ணுக்குப் புலப்படாது மறைந்து கிடந்தது என்றும் அக்குழு சுட்டியது.

ஒரு குறிப்புரை இருந்திருந்தால் ஏவுகலம் தப்பியிருக்கும் என்று நாம் உறுதி கூறவில்லை. போதிய சோதனை செய்யப்படாமை முதலிய வேறு காரணங்களையும் குழு எடுத்துக்காட்டியுள்ளது. ஆயினும், "ஏரியான் 4 இன் பாதையில் இவ்வெண் எல்லையைத் தாண்டாது, ஆகவே காப்பு இல்லை" என்று ஒரு வரி அவ்விடத்தில் இருந்திருப்பின், ஏரியான் 5 இற்கு அதனை எடுத்தாண்டவர், "நம் பாதை வேறாயிற்றே" என்று ஒருகணம் நின்று எண்ணிப் பார்க்க வாய்ப்பு ஏற்பட்டிருக்கும். குறிப்புரை செய்யக்கூடியது அவ்வளவே. அந்த ஒருகணத் தயக்கத்தின் விலை சிறிதன்று.

கனடாவிலும் வேதனைக்குரிய ஒரு சான்று உண்டு. கனடிய அணுசக்தி நிறுவனம் உருவாக்கிய 'தெராக்-25' என்னும் புற்றுநோய்ச் சிகிச்சைக் கருவி, 1985 இற்கும் 1987 இற்கும் இடையில் நோயாளர் ஆறு பேருக்கு அளவு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. சிலர் உயிரிழந்தனர். அவ்விபத்துகளை ஆராய்ந்து 1993 இல் விரிவான கட்டுரை வெளியிட்ட நான்சி லெவசன், கிளார்க் ரேணர் ஆகியோர், அக்கருவியின் மென்பொருள் முன்னைய கருவிகளின் நிரலைத் தழுவி ஒருவராலேயே எழுதப்பட்டதென்றும், எழுதப்பட்ட விளக்க ஆவணங்கள் மிகக் குறைவென்றும் குறிப்பிட்டனர். கேடுகளுக்குக் காரணங்கள் பல. எனினும், ஒருவர் அறிவில் மட்டும் தங்கிய நிரலைப் பிறர் சோதிப்பது எத்துணை அரிது என்பதை இது உணர்த்துகின்றது.

சான்றோர் எழுதிய குறிப்புரைகள்

1969 ஜூலை 20 ஆம் நாள் அப்பல்லோ 11 கலத்தினர் நிலவில் இறங்கினர். இறங்குகலத்தை வழிநடத்திய கணினியின் மூல நிரல் இன்று யாவரும் வாசிக்கக் கிடைக்கின்றது. அதில் ஓரிடத்தில், இரு கட்டளைகளின் அருகே, இவை தற்காலிகமானவை என்று குறித்து, அவ்வாறே அமையும் என நம்புவதாக மும்முறை அடுக்கி எழுதியிருக்கின்றார் ஒருவர். நிலவுக்குச் சென்ற நிரலிலும் அந்தத் 'தற்காலிகம்' நிலைத்துவிட்டது! வாசிப்போர் முறுவலிப்பர், ஆனால் அக்குறிப்பு நேர்மையானது. "இஃது இறுதி வடிவமன்று" என்பதை மறைக்காது எழுதுவதும் ஒரு கடமை.

யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தின் ஆறாம் பதிப்பு 1975 இல் வெளிவந்தது. அதில் ஒரு கடினமான பகுதிக்கு மேலே, இதனை நீர் விளங்கிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கப்படவில்லை என்னும் கருத்துடைய குறிப்பு ஒன்று இருந்தது. அது வாசிப்போரை இகழ்வதாகப் பலர் கருதினர். தேர்வில் இவ்வினா வராது என்று ஆசிரியர் சொல்வதைப் போன்றே அதனை எழுதியதாகவும், உண்மையில் அவ்விடத்தில் நிகழ்வது தமக்கும் அன்று முழுமையாக விளங்கியிருக்கவில்லை என்றும் யூனிக்சை ஆக்கியோருள் ஒருவராகிய டெனிஸ் ரிச்சி பிற்காலத்தில் விளக்கினார். மேதையர் எழுதிய நிரலிலும், விளக்கம் நின்றுபோன இடமே ஐயத்திற்குரிய இடமாயிருந்தது.

அதே யூனிக்சிற்கு ஓர் உரையாசிரியரும் தோன்றினார். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஜோன் லயன்ஸ், ஏறத்தாழ 9000 வரிகள் கொண்ட அதன் மூல நிரலையும், அதற்குத் தாம் கண்ட விளக்கவுரையையும் 1970களின் பிற்பகுதியில் மாணவருக்கென இரு தொகுதிகளாக ஆக்கினார். உரிமக் கட்டுப்பாடுகளால் அவை நெடுங்காலம் வெளிப்படையாக அச்சேற முடியவில்லை. மாணவர் நிழற்பிரதிகளாக எடுத்துக் கைக்குக் கை மாற்றிக் கற்றனர். ஏட்டுச்சுவடிகளைப் படியெடுத்துப் பேணிய நம் முன்னோரை இது நினைவூட்டவில்லையா? 1996 இலேயே அந்நூல் யாவருக்கும் அச்சில் கிடைத்தது.

தவிர்க்க வேண்டியவை

குறிப்புரை எத்துணை மிகுகின்றதோ அத்துணை நன்று என்று எண்ணுதலும் பிழை. பின்வருவனவற்றை மாணவர் தவிர்த்தல் வேண்டும்.

முதலாவது, பழுதான குறிப்புரை. நிரலை மாற்றியவர் குறிப்பை மாற்றாது விட்டால், குறிப்பு ஒன்று சொல்ல நிரல் வேறொன்று செய்யும். பாடபேதம் மிகுந்த சுவடியில் ஒரு பாடத்திற்கு எழுதிய உரையை மற்றொரு பாடத்தோடு சேர்த்து வாசிப்பதைப் போன்றது அது. குறிப்பே இல்லாத நிரல் வாசிப்பவரை வருத்தும். பொய்க் குறிப்புடைய நிரல் அவரை ஏமாற்றும். நிரலைத் திருத்தும் கை குறிப்பையும் திருத்த வேண்டும்.

இரண்டாவது, மோசமான பெயரை மறைக்கும் குறிப்புரை. 'அ', 'ஆ' என்று மாறிகளுக்குப் பெயரிட்டுவிட்டு, 'அ என்பது புள்ளி' என்று குறிப்பெழுதுவதிலும், 'புள்ளி' என்றே பெயரிடுவது நன்று. நிரலே தெளிவாகப் பேசுமிடத்தில் உரை மௌனமாக இருக்கலாம்.

மூன்றாவது, பயன்படாத பழைய கட்டளைகளைக் குறிப்புரையாக மாற்றி அங்கேயே விட்டுவைத்தல். அது வீட்டின் பழைய தட்டுமுட்டுகளை நடைவழியில் அடுக்கி வைப்பதற்கு ஒப்பாகும்.

நான்காவது, கடவுச்சொற்கள், தொலைபேசி எண்கள், பிறரைப் பற்றிய வசைச்சொற்கள் ஆகியவற்றை எழுதுதல். கணினி அவற்றைத் தள்ளிவிடலாம், மனிதர் வாசிப்பர்.

எம்மொழியில் எழுதுவது?

கியூபெக்கில் வாழும் நம் பிள்ளைகள் வகுப்பறையில் பிரெஞ்சும், நண்பரோடு ஆங்கிலமும், இல்லத்தில் தமிழும் பேசுவோர். அவர்கள் குறிப்புரையை எம்மொழியில் எழுதுவது?

விடை குறிப்புரையின் நோக்கத்திலேயே உள்ளது. அது வாசிப்பவருக்காக எழுதப்படுவது; ஆகவே வாசிப்பவரின் மொழியில் எழுதப்பட வேண்டும். பணியிடத்திற் குழுவாக எழுதும்போது குழுவின் மொழியிலும், பாடசாலைப் பயிற்சியில் ஆசிரியரின் மொழியிலும் எழுதுதலே முறை. அங்கே தமிழ்ப்பற்றைக் காட்ட முனைந்து, பிறர் வாசிக்க இயலாத குறிப்பை எழுதுவது குறிப்பு எழுதாமைக்கு ஒப்பாகும்.

ஆனால் இல்லத்தில் தாமே கற்கும்போதும், தமிழ்ப் பள்ளியில் ஒன்றுகூடிச் செய்யும் முயற்சிகளிலும் தமிழில் எழுதுதல் தகும் என்பது நம் துணிபு. அதற்குத் தொழில்நுட்பத் தடையேதும் இன்று இல்லை. 1991 இல் வெளிவந்த யூனிக்கோடு முதற் பதிப்பிலேயே தமிழ் எழுத்துகளுக்கு இடம் வகுக்கப்பட்டது. 2008 இல் வெளிவந்த பைதன் மொழியின் மூன்றாம் பதிப்பு, மூல நிரலை யூனிக்கோட்டு முறையில் அமைந்ததாகவே கொள்கின்றது. தமிழில் எழுதிய குறிப்பை அது தடையின்றி ஏற்கும்.

இதனால் வரும் பயன் யாது? தமிழில் வணக்கம் கூறவும் உணவு கேட்கவும் அறிந்த பிள்ளை, "இவ்வெண்ணை நான் ஏன் தெரிந்தெடுத்தேன்" என்பதைத் தமிழிற் கூற முயலும்போது தடுமாறுவதைக் காண்கின்றோம். 'ஏனெனில்', 'ஆகையால்', 'எனினும்', 'இல்லையேல்', 'அதுவரை' என்னும் சொற்கள் அன்றாடப் பேச்சில் அவர்களுக்கு மிகுதியாகத் தேவைப்படுவதில்லை. குறிப்புரையிலோ அவையின்றி ஒரு வரியும் எழுத இயலாது. காரணம் காட்டப் பயன்படாத மொழி நாளடைவில் அடுக்களை மொழியாகச் சுருங்கிவிடும். தாம் செய்த ஒரு நுட்பமான வேலைக்குத் தமிழிற் காரணம் கூறக் கற்ற பிள்ளைக்கோ, தமிழ் சிந்தனையின் மொழியாகவும் நிலைக்கும்.

பெற்றோருக்கும் இதில் ஓர் இடம் கிடைக்கின்றது. கணினிமொழியை அறியாத தாயும் தந்தையும் தமிழிலுள்ள குறிப்பை வாசித்து, "ஏன் இவ்வாறு செய்தாய்?" என்று வினவலாம். அவ்வினாவிற்கு விடை கூற முயலும்போது பிள்ளை தன் பிழையைத் தானே காண்பதும் உண்டு. நன்னூலார் உரைக்கு வினாவையும் விடையையும் உறுப்பாக வைத்ததன் பயனை அங்கே கண்கூடாகக் காணலாம்.

முடிவுரை

குறிப்புரை கணினிக்கு வேண்டாத ஒன்று; அதனால் எழுதாது விட்டாலும் உடனே எவரும் குறை கூறார். நிரல் இயங்கும், புள்ளியும் கிடைக்கும். அதன் இழப்பு பின்னர், வேறொருவர்மீது வந்து விழும். அவ்வேறொருவரை எண்ணிப் பார்ப்பதே குறிப்புரையின் அறம். இன்னும் சந்தியாத ஒருவருக்கு, இன்று நாம் அறிந்ததை ஒளியாது எழுதிவைத்தல் அது. நமக்கு முன் வாழ்ந்த உரையாசிரியர்கள் நமக்கு அதனையே செய்தனர். மாணவர்களே, நாளை உங்கள் நிரலைத் திறப்பவருக்கு நீங்களும் அதனைச் செய்வீர்களாக.

பயிற்சி

1. 'என்ன' என்பதைக் கூறும் குறிப்பு, 'ஏன்' என்பதைக் கூறும் குறிப்பு ஆகியவற்றின் வேற்றுமையை ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.

2. ஏரியான் 5 நிகழ்ச்சியில் எழுதப்படாது விடப்பட்ட எடுகோள் யாது?

3. பின்வரும் நிரலில் உள்ள குறிப்பு பழுதானது. காரணம் கூறித் திருத்துக.

# வெப்பநிலை சுழியத்திற்குக் கீழ் இருந்தால் எச்சரிக்க
@( வெப்பநிலை < 5 ) ஆனால்
    பதிப்பி "வீதியில் வழுக்கும், கவனம்"
முடி

4. நீங்கள் அண்மையில் எழுதிய செய்நிரல் ஒன்றிற்குத் தமிழில் ஐந்து வரிகளிற் குறிப்புரை எழுதிப் பெற்றோருக்கு வாசித்துக் காட்டுக. அவர்கள் கேட்கும் வினாக்களையும் குறித்துக்கொள்க.

சொல் விளக்கம்

செய்நிரல் – புரோகிராம்
மூல நிரல் – சோர்ஸ் கோட்
தொகுப்பான் – கொம்பைலர்
மாறி – வேரியபிள்
துளை அட்டை – பஞ்ச் கார்ட்
எடுகோள் – உண்மையெனக் கொண்டு தொடங்கும் கருத்து
பாடபேதம் – ஒரே நூலின் படிகளிடையே காணும் சொல் வேறுபாடு